அபூர்வம், அரிது, ஒரே பிரதி: பழைய காமிக்ஸ் சந்தையின் புளுகு மூட்டை

இன்றைய தேதியில் தமிழில் மிக மிகச் சுலபமாகக் கிடைக்கிற பொருள் எது என்று கேட்டால், 'மிக மிக அரிய' பழைய காமிக்ஸ் என்றுதான் நான் சொல்வேன். விற்பனைக்கு வருகிற எந்தப் படத்தைத் திறந்தாலும் ஓரத்தில் அந்த வார்த்தை உட்கார்ந்திருக்கிறது. அரிது. அபூர்வம். பொக்கிஷம். இனி கிடைக்காது. தமிழ்நாட்டிலேயே ஒரே பிரதி. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் 'குறிஞ்சிப்பூ போன்ற இதழ்' என்கிறார்கள். குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும், சரி. பூக்கிற வருடம் மலை முழுக்க நீலமாகிவிடும் என்பதை அண்ணாச்சிகள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய காமிக்ஸை யார் என்ன விலைக்கு விற்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் பொருள், அவர் விலை. ஆனால் 'அரிது' என்பது விலை கிடையாது, அது ஒரு தகவல். எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காமல் 'அரிது' என்று சொல்கிறவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்கிறார். தெரிந்தே சொன்னால் அதற்குப் பெயர் பொய். இவ்வளவுதான் மேட்டர். இனி விவரம்.

தெரியாத நண்பர்களுக்கு ஒரு குட்டி வரலாறு. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழில் 1962-இல் ஆரம்பித்த 'ஸ்டீல் க்ளா' தொடர்தான் தமிழில் மாயாவியாக வந்து இறங்கியது. 1984-இல் அதே சிவகாசியிலிருந்து எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் ஜேம்ஸ் பாண்டோடு களம் இறங்கியது. இன்னொரு பக்கம் டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் இந்திரஜால் காமிக்ஸ் 1964 முதல் 1990 வரை பல மொழிகளில் வந்தது, தமிழிலும் வந்தது. ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. லயன், முத்து இரண்டும் தள்ளாடித் தள்ளாடி, 2012-இல் 'கம்பேக் ஸ்பெஷல்' போட்டு எழுந்து நின்றன.

இதில் எதுவும் அரண்மனையில் அச்சடித்த ஏடு இல்லை. எல்லாம் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கியவை. வாழைப்பழத் தாருக்குப் பக்கத்தில் தொங்கி, சில்லறைக் காசுக்கு விற்று, பத்துப் பையன்கள் கைமாறிப் படித்து, கடைசியில் ஆக்கர் கடைக்குப் போனவை (மற்ற மாவட்டத்து நண்பர்கள் 'பழைய பேப்பர் கடை' என்று வாசித்துக்கொள்ளவும்). அங்கிருந்து கோட்டாறு பலசரக்குக் கடையில் பொட்டலமாகி, கடலையோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை வேறு. பரணில் தப்பியதைக் கரையானும் பூஞ்சையும் பார்த்துக்கொண்டன. ஆகவே பழைய காமிக்ஸ் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம் என்பது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. 'கஷ்டம்' என்பதிலிருந்து 'ஒரே பிரதி' என்று தாவுகிற அந்தத் தாவலைத்தான் மறுக்கிறேன்.

எப்படித் தாவுகிறார்கள் என்று பார்ப்போம்.

புளுகு 1: பழசு என்றால் அரிது

ஒரு புத்தகத்தைப் பற்றி நான்கு எண்கள் உண்டு. எத்தனை அச்சடித்தார்கள், எத்தனை மிஞ்சியிருக்கிறது, மிஞ்சியதில் எத்தனை விற்பனைக்கு வருகிறது, எத்தனை பேர் வாங்க நிற்கிறார்கள். நான்கும் வேறு வேறு. சும்மா ஒரு கணக்குக்கு ஓர் இதழ் 10,000 பிரதி அச்சானது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று தப்பினாலும் 100 பிரதி இருக்கும். அந்த 100 பேரில் 97 பேர் விற்க மாட்டார்கள். சிலருக்கு அது உயிர், சிலருக்கு அது பரணில் கிடப்பதே தெரியாது. மூன்று பேர் விற்கிறார்கள். நம் வியாபாரி அண்ணாச்சி பத்து வருடத்தில் பார்த்தது அந்த மூன்றைத்தான். உடனே 'உலகத்திலேயே மூணுதான் இருக்கு' என்கிறார். அவர் கண்ணில் பட்டது மூன்று என்பதுதான் உண்மை.

ராணி காமிக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இருமுறை வந்த இதழ். நாளிதழ் போகிற ஊருக்கெல்லாம் போகிற விநியோக வலை உள்ள நிறுவனம் போட்டது. தக்கலையில் கிடைத்தது, தூத்துக்குடியில் கிடைத்தது, கும்பகோணத்தில் கிடைத்தது. 90-களில் வந்த ஒரு சாதாரண ராணி காமிக்ஸுக்கு 'அதி அபூர்வம்' என்று பட்டம் கட்டி விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணாச்சி, எத வச்சுச் சொல்லுதீய?" பதில் வராது. வந்தால் 'நான் முப்பது வருஷமா இதுல இருக்கேன் தம்பி' என்று வரும். அனுபவம் எனக்கும் மரியாதைக்குரிய விஷயம்தான். ஆனால் அனுபவத்தை எண்ணிக்கை என்று எழுதி பில் போட முடியாது.

புளுகு 2: 'முதல் பதிப்பு'

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். மாயாவி கதைகள் ஒருமுறை வந்து மறைந்தவை இல்லை. முத்துவில் வந்தவை, பிற்பாடு 'காமிக்ஸ் கிளாசிக்ஸ்' என்ற பெயரில் மறுபதிப்பானவை, 2012-க்குப் பிறகு புது அச்சில் மீண்டும் வந்தவை என்று ஒரே கதைக்குப் பல பிறவிகள் உண்டு. கதை பழசு என்பதால் கையில் இருக்கும் புத்தகமும் பழசாகிவிடாது.

பெயர்க் குழப்பம் வேறு இருக்கிறது. முத்து காமிக்ஸில் மாயாவி என்றால் இரும்புக்கைக்காரர், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துபோகிறவர். ராணி காமிக்ஸில் மாயாவி என்றால் முகமூடி போட்ட, காட்டில் இருக்கிற ஃபேன்டம். 'மாயாவி முதல் கதை, அரிய பதிப்பு' என்று மட்டும் எழுதி, அட்டையை ஓரம் மடித்துப் படம் எடுத்துப் போட்டால் யார் எதை வாங்குகிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

கல்வெட்டைப் படித்து ஆராய்ச்சி செய்த கவிமணி பிறந்த தேரூர் நமக்குப் பக்கம்தான் மக்கா. ஒரு காமிக்ஸின் வயதைக் கண்டுபிடிக்க நமக்கு அவ்வளவு உழைப்புகூட வேண்டாம். அட்டை விலையைப் பார்க்கணும். உள்ளே ஆசிரியர் பக்கத்தைப் பார்க்கணும். 'அடுத்த வெளியீடு' விளம்பரத்தைப் பார்க்கணும். 1970-களின் முதல் பதிப்பில் 1990-களில் வந்த புத்தகத்துக்கு விளம்பரம் இருக்க முடியாது. நல்ல விற்பனையாளர் இந்தப் பக்கங்களை அவராகவே படம் எடுத்துக் காட்டுவார். மற்றவர் அட்டையை மட்டும் நான்கு கோணத்தில் காட்டுவார்.

புளுகு 3: 'மறுபதிப்பு வரவே வராது'

வியாபாரி சொல்கிற ஆரூடங்களில் அதிகம் பொய்த்தது இதுதான். பெல்ஜியத்தின் வான் ஹாம், வான்ஸ் கூட்டணியில் உருவான 'XIII' தொடர், லயனில் 'இரத்தப் படலம்' என்று வந்து வாசகர்களைப் பித்துப் பிடிக்க வைத்தது. 2010-இல் அது கறுப்பு வெள்ளையில் ஒரே தடிமன் புத்தகமாக வந்தது. விலை 200 ரூபாய். அது தீர்ந்த பிறகு கள்ளச்சந்தையில் எத்தனை மடங்குக்குப் போனது என்பது இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 'இனி இந்தப் பிறவியில் கிடையாது' என்றுதான் அப்போதும் சொன்னார்கள். 2018-இல் முழு வண்ணத்தில் தொகுப்பு வந்தது.

'ஆனா கறுப்பு வெள்ளைப் பதிப்பு வேற, அதோட மவுசு வேற' என்பார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அதையே சொல்லுங்கள்: '2010 பதிப்பு, வண்ணத்தில் மறுபதிப்பு உண்டு.' இந்த ஐந்தாறு வார்த்தையைச் சேர்த்தால் விலை விழுந்துவிடும் என்று பயந்தால், இவ்வளவு நாளும் விற்றது புத்தகத்தை இல்லை, வாங்குகிறவரின் அறியாமையை என்றுதானே அர்த்தம்?

புளுகு 4: 'கண்டிஷன் சூப்பர்'

எந்தப் பக்கம் இல்லை, அட்டை அசலா கலர் ஜெராக்ஸா, பின் மாற்றி அடித்ததா, எதுவும் இருக்காது. 'சூப்பர்' மட்டும் இருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் விடுதியில் ஒரு நண்பன், குழித்துறைப் பக்கம். அவன் அப்பா சின்ன வயதில் மாயாவி பைத்தியம். அப்பாவின் 50-ஆவது பிறந்தநாளுக்கு அவர் படித்த அதே புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்று இவனுக்கு ஆசை. ஒருவரிடம் கிடைத்தது. 'முதல் பதிப்பு, தமிழ்நாட்டிலேயே ரெண்டு பிரதிதான், இன்னொண்ணு என் சொந்த சேகரிப்பில்' என்றார். உதவித்தொகைப் பணத்திலிருந்து 3,500 ரூபாய் போனது. பார்சல் வந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையாகப் படித்தார். நடுவில் நிறுத்தி, "மக்களே, இதுல கதை தாண்டிப் போவுதே" என்றார். நான்கு பக்கம் இல்லை. அட்டை ஜெராக்ஸ். உள்ளே இருந்த விளம்பரப் பக்கம் அது மறுபதிப்பு என்று அதுவே வாக்குமூலம் கொடுத்தது. அடுத்த மாதம் அதே ஆள் அதே புத்தகத்தை மறுபடி விற்பனைக்குப் போட்டார். அப்போதும் 'ரெண்டு பிரதிதான்'. அட்சய பாத்திரம் மாதிரி ரெண்டு குறையவே இல்லை! நண்பன் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதில்: 'பழைய புத்தகம்னா அப்படித்தான் தம்பி, இது ரசிகர்களுக்கானது.'

ரசிகனாக இருப்பது ஏமாறச் சம்மதம் கொடுப்பதாகாது அண்ணாச்சி.

வெளிநாட்டுக் கதை கொஞ்சம்

'அமெரிக்காவுல ஒரு காமிக்ஸ் கோடிக்கணக்குல போவுது தெரியுமா?' என்று அடிக்கடி உதாரணம் காட்டுவார்கள். தெரியும். சூப்பர்மேன் முதன்முதலில் வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 1938-இல் 10 சென்டுக்கு விற்றது. 2024-இல் ஒரு பிரதி 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, நம் காசுக்குச் சுமார் 50 கோடி. அச்சடித்தது ஏறக்குறைய 2 லட்சம், மிஞ்சியது நூறு வாக்கில் என்று மதிப்பிடுகிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பழைய காகிதத்தைச் சேகரித்துக் கரைத்ததும் அதற்கு ஒரு காரணம். இங்கே கவனிக்க வேண்டியது விலையை இல்லை. அங்கே 'எத்தனை' என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது, அந்தப் பதில் எப்படி வந்தது என்றும் சொல்ல முடிகிறது. 2000 முதல் காமிக்ஸைத் தரம் பிரித்துச் சான்று கொடுக்கும் நிறுவனம் இருக்கிறது. தன்னிடம் வந்த பிரதிகளின் எண்ணிக்கையை அது பட்டியலாகவே வைத்திருக்கிறது.

அங்கேயும் புளுகு உண்டு. அந்தப் பட்டியலையே காட்டி 'இந்த மதிப்பெண்ணில் உலகத்திலேயே ஒன்றுதான்' என்பார்கள். சான்றுக்கு அனுப்பாமல் வீட்டில் இருக்கும் பிரதிகள் அந்தக் கணக்கில் வராது. அதைவிடப் பெரிய கூத்து 90-களில் நடந்தது. 'சேகரிப்பாளர் பதிப்பு' என்று பெயர் போட்டு, ஒரே இதழுக்கு ஐந்து அட்டை போட்டு விற்றார்கள். 1991-இல் வந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. பிள்ளைகளின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தியவர்கள் உண்டு. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் எப்படி அரிதாகும்? குமிழி உடைந்தது, ஏராளமான காமிக்ஸ் கடைகள் மூடின, 1996 கடைசியில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அந்த 'எக்ஸ்-மென்' இதழ் இன்றும் சில டாலருக்குச் சாதாரணமாகக் கிடைக்கிறது.

நம் ஊரில் இதே வித்தையைப் பழைய நாணயத்தில் பார்த்திருப்பீர்கள். 'இந்த 5 ரூபாய் நோட்டு இருந்தால் லட்சாதிபதி' வகையறா. ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிப் பணம் பறித்ததால், 2021-இல் அந்த வங்கியே எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. காமிக்ஸுக்கு எச்சரிக்கை விட யாரும் இல்லை. நாமேதான் விட்டுக்கொள்ள வேண்டும்.

'நீ ஏன் தம்பி கெடந்து துடிக்க?'

இப்படிக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

'அவர் இல்லன்னா இந்தப் புத்தகம் எப்பவோ பொட்டலமாகியிருக்கும்' என்பது முதல் வாதம். நியாயம். ஆக்கர் கடையில் தூசி தின்று, மூட்டை பிரித்து, ஒவ்வொன்றாகக் காப்பாற்றிய எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்புக்குக் கூலி கொடுக்க வேண்டும், லாபமும் கொடுக்க வேண்டும். ஆனால் உழைப்புக்கான கூலியை 'உழைப்பு' என்ற பெயரில் கேளுங்கள். அதற்குப் பொய் எதற்கு? நேர்மையாக விற்கிற ஆட்களை இந்தப் புளுகர்கள்தான் முதலில் அழிக்கிறார்கள். 'பதினஞ்சு இருபது பிரதி நானே பார்த்திருக்கேன், இது சுமாரான நிலை' என்று உண்மை சொல்பவரிடம் யாரும் வாங்குவதில்லை, 'ஒரே பிரதி' அண்ணாச்சியிடம் வரிசை நிற்கிறது.

'வாங்குறவன் மனசார வாங்குறான், உனக்கென்ன' என்பது இரண்டாவது வாதம். மனசார வாங்க, உள்ளது உள்ளபடி தெரிந்திருக்க வேண்டும். பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதைத் தவறான விளம்பரம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே வரையறுக்கிறது. பொழுதுபோக்குக்கு விற்கிற தனி ஆள்மேல் அது எந்த அளவுக்குப் பாயும் என்பதை வக்கீல்கள் பேசிக்கொள்ளட்டும். எது முறை என்று சொல்ல நமக்குச் சட்டம் வேண்டாம்.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது மூன்றாவது விஷயம். காமிக்ஸ் என்பது காசில்லாத பையன்களின் இலக்கியம். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளையும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தார்கள். இன்று 'அரிது' என்ற ஒரே வார்த்தை அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு, படிக்கக் கூடாத பொருளாக்கிவிட்டது. விரித்தால் விலை குறையுமாம்! அறுபது வயதுக்காரர் மறுபடி படிக்க முடியவில்லை, இருபது வயதுக்காரன் முதல்முறை படிக்க முடியவில்லை.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. நிஜமாகவே அரிதான தமிழ் காமிக்ஸை யாரும் கேட்பதே இல்லை. 70, 80-களில் சிறு பதிப்பகங்கள் ஆசைப்பட்டு ஆரம்பித்து, கொஞ்ச நாளில் நிறுத்திய சித்திரக்கதைகள் எத்தனையோ உண்டு. அவற்றின் முழுப் பட்டியல்கூட நம்மிடம் இல்லை. மாயாவி இல்லை, ஸ்பைடர் இல்லை என்பதால் அவற்றுக்கு மவுசும் இல்லை. அவைதான் இன்றைக்கும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார், மற்றவர்கள் குப்பை என்று தள்ளிய அச்சுத்தாளையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. சேகரிப்பு என்றால் அது. ஒரே கதையின் ஐந்து பிரதியை அமுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் 'கடைசிப் பிரதி' என்று விற்பதற்குப் பெயர் பதுக்கல். அரிசியில் செய்தால் வழக்குப் போடுவார்கள்.

சரி, என்ன செய்யலாம்?

வாங்கும் முன் இவற்றைக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

1. அரிது என்கிறீர்களே, இதுவரை எத்தனை பிரதி பார்த்திருக்கிறீர்கள், எத்தனை விற்றிருக்கிறீர்கள்?

2. இந்தக் கதை வேறு எந்தெந்தப் பதிப்பில் வந்திருக்கிறது? இது எந்தப் பதிப்பு?

3. முதல் பக்கம், ஆசிரியர் பக்கம், 'அடுத்த வெளியீடு' விளம்பரம், கடைசிப் பக்கம், நடுப்பக்கத்து பின், எல்லாவற்றையும் படம் அனுப்ப முடியுமா?

4. மொத்தப் பக்கம் எத்தனை, உள்ளது எத்தனை? அட்டை அசலா?

5. சொன்னதற்கு மாறாக இருந்தால் பணம் திரும்பி வருமா? எழுத்தில் கொடுப்பீர்களா?

ஐந்துக்கும் பதில் சொல்பவரிடம் சொன்ன விலைக்கு வாங்குங்கள், பேரம்கூட வேண்டாம். 'நம்பிக்கை இல்லன்னா வேற ஆளப் பாரு' என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு வேற ஆளைப் பாருங்கள்.

இன்னொரு வேலையும் நாம் செய்யலாம். உங்கள் வீட்டில், மாமா வீட்டில், தாத்தா வீட்டுப் பரணில் இருக்கிற காமிக்ஸின் பெயர், இதழ் எண், அட்டை விலை, பக்க எண்ணிக்கையை ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்க வேண்டாம், எழுதினால் போதும். நாகர்கோவிலில் பத்து வீடு, திருநெல்வேலியில் பத்து வீடு, மதுரையில் பத்து வீடு என்று சேர்ந்தாலே பல 'ஒரே பிரதி'கள் நாலு பிரதி, ஏழு பிரதி என்று குட்டி போட ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகும் ஒன்றாகவே நிற்கிற புத்தகம் எதுவோ, அதை அரிது என்று சொல்வோம். அதற்கு என்ன விலை கேட்டாலும் தகும்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு 'உன்கிட்ட இருக்கிற ராணி காமிக்ஸ குடுடே' என்று யாரும் விடுதிக்கு வர வேண்டாம். கொடுப்பேன், ஆனால் திருப்பித் தரணும். அந்த வகையில் அது நிஜமாகவே அபூர்வம்.